ஒரு பலகை, நான்கு மேசைகள்



2020ஆம் ஆண்டு மெல்பேர்ண் முடக்கத்தின்போது பிள்ளைகள் சாப்பாட்டு மேசையிலும் கட்டில் விளிம்பிலும் இருந்து படித்ததை நாம் மறக்கவில்லை. த பேசினிலுள்ள எமது வாடகை வீட்டிலும் அதே கதைதான். அதனால்தான் பின்னர் எம்.டி.எவ். எனப்படும் மரநார்ப் பலகையில் நாமே மேசை செய்யத் துணிந்தோம்.

முதல் மேசையில் இரண்டு பிழை விட்டோம். குளிருக்குப் பயந்து கராஜ் கதவைப் பூட்டிக்கொண்டு அறுத்தோம். சின்னவன் இரவு முழுவதும் இருமினான். விளிம்புக்கு ஒன்றுமே பூசவில்லை. ஒருநாள் தேத்தண்ணீர் ஊற்றுப்பட்டதும் அது நனைந்த பாண்போல ஊதிவிட்டது.

ஆகவே நீங்கள் செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள். 2400 x 1200 மில்லிமீற்றர் அளவும் 18 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள பலகை ஏறக்குறைய 37 கிலோ இருக்கும். கடையிலேயே நான்காக வெட்டுவித்தால் 1200 x 600 அளவில் நான்கு மேசைப் பலகைகள் கிடைக்கும். காரிலும் ஏற்றலாம், வீட்டில் தூளும் குறையும்.

இப்பலகையை ஒட்டும் பசையில் பெரும்பாலும் போர்மல்டிஹைட் உண்டு. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 2004இல் அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென வகைப்படுத்தியது. ஆகவே 'ஈ-0' என்று குறித்த பலகையைக் கேளுங்கள். அதிலிருந்து வெளியேறும் வாயு குறைவு. அறுப்பதையும் தேய்ப்பதையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பி-2 முகமூடி அணியுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

விளிம்புதான் தண்ணீரை உறிஞ்சும் இடம். மரப்பசையில் சம அளவு தண்ணீர் கலந்து விளிம்பில் பூசி, காய்ந்தபின் 240ஆம் இலக்கச் சான்ட் பேப்பரால் தேய்த்து, மீண்டும் ஒருமுறை பூசுங்கள். பிறகு எண்ணெய் அண்டர்கோட், அதன்மேல் எனமல் இரண்டு பூச்சு. அடிப்பக்கத்தையும் விடாமல் பூசுங்கள். ஒருபக்கம் மட்டும் பூசினால் பலகை வளைந்துவிடும். குளிர்காலத்தில் பெயின்ற் காய நாள் எடுக்கும், அவசரப்பட வேண்டாம்.

நடுவில் தொய்யாமலிருக்க அடியில் நீளப்பாட்டுக்கு ஒரு பைன் சட்டம் பூட்டுங்கள். ஆணிக்கு முன் சிறு துளை போடாவிட்டால் பலகை வெடிக்கும். சுவரில் பூட்டாமல் தனிக் கால்களில் நிறுத்துங்கள்.

எம்மில் பலருக்கு வீடு மாறுவது புதிதல்ல. அடுத்த வீட்டுக்குப் போகும்போது, பிள்ளையின் மேசையும் கூடவே வரட்டும்.