உதயகுமரன் மறுபடி பிறந்தால்

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு அமானுஷ்யக் காதல் கதை எழுதத் தொடங்கினோம். மணிமேகலையில் வாளால் வெட்டுப்பட்டுச் சாகிற சோழ இளவரசன் உதயகுமரன், இந்தக் காலத்தில் மறுபடி பிறந்து, குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்காகக் காத்து நிக்கிறான். அதே படகில் ஏற ஒரு கம்பஸ் பிள்ளை வாறாள். அவளைக் கண்டதும் அவனுக்குப் பழைய பிறப்பெல்லாம் நினைவுக்கு வருது. அவளுக்கு ஒண்டும் வரேல்லை. இதுதான் முதல் அத்தியாயம்.

கேள்விப்பட்ட ஆக்கள் முதலில் கேட்டது, "காப்பியத்தில ஏன் கை வைக்கிறியள்?" எண்டுதான். அதுக்கு எங்களிட்டப் பதில் இருந்தது. மணிமேகலையே ஒரு தொடர்கதை. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் சொன்ன கோவலன், மாதவியின்ர மகளை எடுத்து, 30 காதைகளில் அவளுடைய கதையைச் சொன்னவர் சீத்தலைச் சாத்தனார். அதனால்தான் இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் எண்டு சொல்லுகினம். புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' கதையில் கல்லில் இருந்து மீண்ட அகலிகைக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு எழுதினவர். சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன கதையைக் கேட்டதும் அவள் திரும்பவும் கல்லாகிப் போறாள். அவ்வளவு ஏன், எங்கட ஊர்ச் சனமும் சும்மா இருக்கேல்லை. மதுரையை எரிச்ச கண்ணகி ஐந்தலை நாகமாகி நயினாதீவுக்கு வந்தவள் எண்டு ஒரு கதை. வற்றாப்பளையில் கிழவி வடிவில வந்து, எண்ணெய் இல்லாமல் கடல்நீரில் விளக்கெரிக்கச் சொன்னவள் எண்டு இன்னொரு கதை. தொடர்ச்சி எழுதுறது எங்களுக்குப் புதுசு இல்லை.

அமானுஷ்யத்துக்கும் சாத்தனார் குறை வைக்கேல்லை. உவவனத்தில் நித்திரையில் கிடந்த மணிமேகலையைத் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத்தில் விடுது. அந்தத் தீவு எங்கட நயினாதீவுதான் எண்டு பல ஆய்வாளர்கள் சொல்லுகினம், மறுக்கிறவர்களும் இருக்கினம். அங்க புத்த பீடிகையைக் கண்டதும் அவளுக்குப் போன பிறப்புத் தெரிய வருது: அவள் இலக்குமி, அவளுடைய கணவன் இராகுலன். அந்த இராகுலன்தான் இப்ப உதயகுமரன். பிறகு வானத்தில் பறக்க, வேற்றுரு எடுக்க, பசியில்லாமல் இருக்க மூன்று மந்திரங்கள். வைகாசிப் பூரணையில் கோமுகிப் பொய்கையில் மேல வாற அமுதசுரபி. ஒரு பான்டசி நாவலுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

இதையெல்லாம் வச்சு மூன்று அத்தியாயம் எழுதி முடிச்சம். கதையில் அவன் அவளுடைய வகுப்பு நேரத்தைக் கண்டுபிடிக்கிறான். ஹொஸ்ரல் வாசலில் நிக்கிறான். அவள் "எனக்கு உங்களைத் தெரியாது" எண்டு சொல்ல, அவன் சிரிச்சுக்கொண்டு, "உனக்குத் தெரியாது, ஆனா உன்ர உயிருக்குத் தெரியும்" எண்டு சொல்லுறான். அந்த வரியை எழுதினபோது எங்களுக்கு நல்ல சந்தோசம். வாசிச்சுக் காட்டினபோது எங்களில ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "ரியூசன் விட்டு வரேக்க பின்னால சைக்கிளில வந்தவனும் இதைத்தானேடி சொன்னவன்?"

ஓம். அதே கதைதான். சந்தியில் நிண்டவன், கொப்பிக்குள்ள கடிதம் வச்சவன், நாங்கள் வேண்டாம் எண்டபிறகும் போன் நம்பர் தேடிப் பிடிச்சவன், எல்லாரும் தங்களைக் கதாநாயகர் எண்டுதான் நினைச்சவை. வீட்டில சொன்னால் ரியூசனை நிப்பாட்டிப் போடுவினம் எண்ட பயத்தில் நாங்கள் வேற ஒழுங்கையால சுத்திப் போனோம். அதை நாங்களே இப்ப காதல் எண்டு எழுதி வச்சிருக்கிறோம்.

இதை எங்க படிச்சம்? 'டுவைலைட்' (2005) நாவலில் எட்வேர்ட் இரவில் பெல்லாவின்ர அறைக்குள்ள வந்து அவள் நித்திரை கொள்ளுறதைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அவளுக்குத் தெரியாமல். அடுத்த பாகம் 'நியூ மூன்' ரோமியோ ஜூலியட்டைத் தழுவினது எண்டு வாசிச்சுத்தான் எங்களுக்கும் காப்பியத்தில் இருந்து எழுதுற ஆசையே வந்தது. தமிழ்ப் படங்களிலும் மறுபிறப்புக் காதல் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) காலத்தில் இருந்து 'அனேகன்' (2015) வரைக்கும் வருது. போன பிறப்பில் சேராதவை இந்தப் பிறப்பில் சேரத்தான் வேணும் எண்டது அப்பிடியான கதைகளை வாசிச்சுப் பார்த்து எங்கட தலையில் ஏறின விதி. இந்தப் பிறப்பில் அவளுக்கு விருப்பமோ எண்டு கேட்க எங்களுக்கும் தோன்றேல்லை.

பிறகு மணிமேகலையைத் திரும்ப எடுத்தோம். இந்தமுறை சோதினைக்காக இல்லை.

உதயகுமரன் அவளைக் கணிகை குலத்தவள் எண்டு இழிவாகக் கதைச்சவன். அப்பிடி இருந்தும் தன்ர நெஞ்சு அந்தப் புது ஆளுக்குப் பின்னால போகுது எண்டு 5ஆம் காதையில் அவளே சுதமதியிட்ட ஒத்துக்கொள்ளுறாள். போன பிறப்புக் கணவன் அவன்தான் எண்டும் அவளுக்குப் பிறகு தெரிய வருது. தெரிஞ்சும் அவள் அவனோட போகேல்லை. காயசண்டிகை எண்ட பெண்ணின்ர உருவத்தை எடுத்து, அமுதசுரபியோட பசிச்ச சனத்துக்குச் சோறு போடுறாள். அவன் நடுச்சாமத்தில் அவளைத் தேடி வர, உண்மையான காயசண்டிகையின்ர கணவன் காஞ்சனன் பிழையாக விளங்கி அவனை வெட்டிப் போடுறான். அவன் செத்தபிறகு அவள் அழுகிறாள். சும்மா அழுகை இல்லை, உடலுக்குக் கிட்டப் போக எழும்புறாள், கந்திற்பாவை தடுக்குது.

எங்களுக்குப் பிடிபட்டது இதுதான். அவளுக்குக் காதல் இருந்தது உண்மை. அவள் வேண்டாம் எண்டதும் உண்மை. சாத்தனார் ஒண்டைக் காட்டி மற்றதைப் பொய்யாக்கேல்லை. எங்கட மூன்று அத்தியாயத்திலும் அவளுடைய 'வேண்டாம்' வெறும் தடை. கதாநாயகன் தாண்ட வேண்டிய மதில்.

"சாத்தனார் பௌத்தத் துறவைச் சொல்ல வந்தவர், அவரிட்டப் போய்க் காதல் பாடம் கேட்கிறதோ?" எண்டு ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நாங்களும் அவளைத் துறவியாக்கப் போறதில்லை. எங்கட கதையில் அவள் அவனை விரும்பலாம், விரும்பாமலும் விடலாம். ஆனால் அவனுக்கு நினைவு வந்தது எண்டதுக்காக அவள் அவனுக்குக் கடன்பட்டவள் இல்லை. பேய், மறுபிறப்பு, மந்திரம் எல்லாம் கதையில் இருக்கட்டும். அவளுடைய சம்மதத்துக்குப் பதிலாக அதுகளை வைக்கக்கூடாது.

மூன்று அத்தியாயத்தையும் அழிச்சுப் போட்டுத் திரும்பத் தொடங்கி இருக்கிறோம். இப்ப அவன் படகில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தும் ஒண்டும் சொல்லேல்லை. நயினாதீவில் இறங்கினதும் அவள் கோயில் பக்கம் போறாள், அவன் விகாரைப் பக்கம் போறான். திரும்பி வாற படகில் அவள்தான் முதலில் கதைக்கிறாள்: "உங்களை எங்கயோ பார்த்தமாதிரி இருக்கு."

அவன் என்ன பதில் சொல்லவேணும் எண்டதில் நாலு பேருக்கும் இன்னும் சண்டை.