விடுமுறை யாருக்கு?

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாய்க்கு? 2020-ம் ஆண்டு ஊரடங்கு இந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டு வந்து வைத்தது.

அவ்வாண்டு மார்ச் 10-ந் தேதி, ஏழாம் வகுப்பு வரை வகுப்புகளை நிறுத்தக் கேரள அரசு முடிவு செய்தது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. வாளையார் எல்லையில் போக்குவரத்து நின்றது. எலப்புள்ளி, கஞ்சிக்கோடு வட்டாரங்களில் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய் வந்த தமிழர்கள் வீட்டோடு முடங்கினார்கள். கோயம்புத்தூர் பக்கத்தில்தான், ஆனாலும் பெற்றவள் அங்கே, பிள்ளை இங்கே என்று ஆனது.

விடியுமுன் வேலைக்குப் போய், பிள்ளைகள் உறங்கிய பின் திரும்பும் தகப்பன்மார் நம்மில் எத்தனையோ பேர். அவர்கள் பகல் முழுவதும் வீட்டில் இருந்தது அப்போதுதான். வீட்டில் நடக்கும் வேலையையும் அப்போதுதான் கண்ணால் கண்டார்கள். காலையில் பலகாரம், மதியம் சோறு, மாலையில் பிள்ளைகளுக்குத் தின்ன ஏதாவது. இடையே துணி, பாத்திரம், தண்ணீர், பிள்ளைகள் சண்டைக்குப் பஞ்சாயத்து. கூலி நின்றது, அடுப்பு நிற்கவில்லை. ரேஷன் கடையில் கிடைத்த இலவசப் பலசரக்குப் பையை நாள் எண்ணி ஓட்டியவளும் அவளே.

ஜூன் 1-ந் தேதி விக்டர்ஸ் தொலைக்காட்சியில் பாடம் தொடங்கியது. வீடு பள்ளிக்கூடமும் ஆயிற்று. தமிழ் வழிப் பாடங்களை இணையத்தில் பார்க்கக் கைப்பேசி வேண்டும். பல வீடுகளில் இருந்ததோ ஒன்று. பிள்ளைகளை முறை வைத்து அதன் முன் உட்கார வைத்தவள் தாய். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் கூட வாத்தியாரம்மா ஆனாள். பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான்.

ஆண் வெளியே உழைக்கிறானே என்பார்கள். நியாயம்தான். ஆனால் வெளி வேலை இல்லாத அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் கரண்டி கை மாறியது? சில வீடுகளில் தகப்பன் தண்ணீர் சுமந்தான், காய் நறுக்கினான், கணக்குச் சொல்லிக் கொடுத்தான். அங்கே வறுமையிலும் சிரிப்பு இருந்தது. வேறு சில வீடுகளில் கோபம்தான் வளர்ந்தது. அடி உதைப் புகார்கள் பெருகின என்று தேசிய மகளிர் ஆணையமே சொல்லிற்று.

இது ஊரடங்கில் முளைத்த குறை அன்று. மத்திய அரசு 2019-ல் எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். அப்படிச் செய்யும் ஆண்களோ 97 நிமிடம். வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்!

ஊரடங்கு போய்விட்டது. கோடை விடுமுறை ஆண்டுதோறும் வருகிறது. ஆலைத் தொழிலாளியானாலும் குமாஸ்தாவானாலும் நாளுக்கு ஒரு மணி நேரம் வீட்டுக்குக் கொடுக்க முடியும். பாத்திரம் துலக்கலாம். மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழ்ப் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லலாம். அதற்குக் காசு வேண்டாம்; மனம் போதும்.

விடுமுறையில் ஒரு மணி நேரமாவது தாய்க்கும் உரியதாகட்டும்.