அலையோடு போன குடும்பம்

கணவருக்கு மாற்றல் வந்து, பெட்டி படுக்கையோடு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு ஊர் மாறிய சகோதரிகளுக்கு ஜூடித் மங்க்கை நன்றாகவே புரியும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் அவர் கணவர் வால்டர் விஞ்ஞானியாக இருந்தார். அண்டார்டிகாப் பக்கம் புயலில் எழும் அலை எவ்வளவு தூரம் போகும்? இதுதான் வால்டரின் கேள்வி. 1963-ல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை ஆறு இடங்களில் அலையை அளந்தார்கள். வால்டர் தங்கியது சமோவாத் தீவில். ஜூடித்தும் இரண்டு பெண் குழந்தைகளும் கூடவே போனார்கள். ஜூடித் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நமக்கோ நாலு நாள் பிறந்த வீட்டுக்குப் போவதற்கே எத்தனை மூட்டை!

ஹவாய்க்கும் அலாஸ்காவுக்கும் நடுவே வாகான தீவு இல்லை. அங்கே 'ஃபிளிப்' என்ற 108 மீட்டர் நீள மிதவையை இழுத்துப் போனார்கள். ஒரு முனையில் தண்ணீர் நிரப்பியதும், உலக்கையை நிறுத்தினாற்போல் செங்குத்தாக நின்றுவிட்டது!

புயலைத் தாண்டிய அலை தன் சக்தியை அதிகம் இழப்பதில்லை என்று தெரிந்தது. சுமார் இரண்டு வாரத்தில் அது அலாஸ்காக் கரையைத் தொட்டுவிடுகிறது.

1966-ல் வந்த ஆய்வுக் கட்டுரையில் ஆறு பேர் பெயர் இருக்கிறது. ஜூடித் பெயர் அந்த வரிசையில் இல்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால், கடலைப் பார்த்து ரெட்வுட் மரத்தால் எழுந்த வால்டரின் ஆய்வுக்கூடத்தை, கட்டடக் கலைஞர் லாயிட் ருவோக்கோவுடன் சேர்ந்து உருவாக்கியவரே ஜூடித்தான். இன்று அதன் பெயர்ப் பலகையில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கின்றன.