கோழியில் மருந்தை மட்டுமல்ல, கிருமியையும் தேடுங்கள்

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்தார். உடனே தமிழகம் முழுக்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஷவர்மா கடைகளில் இறங்கினார்கள். கெட்ட இறைச்சி அழிக்கப்பட்டது, அபராதம் விழுந்தது, பிறகு வேகம் தணிந்தது. சமைத்த கறியைத் துரத்தும் இந்தச் சுறுசுறுப்பு பச்சைக் கறி விற்கும் இடத்துக்கு ஏனோ வருவதில்லை, பிரியாணியால் பெயர் வாங்கிய திண்டுக்கல்லில்கூட.

ஞாயிற்றுக்கிழமை கோழிக் கடைகளில் நின்று பார்த்தால் தெரியும். அறுத்த கோழியை முக்கியெடுக்கும் வெந்நீர் பல கடைகளில் விடிகாலையில் வைத்ததுதான். கூட்டம் ஏறும்போது அது கலங்கிப் பழுப்பாகியிருக்கும். அடுத்து, ரப்பர் விரல்கள் சுழலும் இறகு பிடுங்கும் இயந்திரம். ஒரு கோழியின் குடலில் இருந்த சால்மோனெல்லாவும் ஈ.கோலியும் பின்னால் வரும் கோழிகளின் தோலில் ஏற இவை இரண்டும் போதும். அய்யலூர் சந்தையில் தேடிப் பிடித்த நாட்டுக்கோழி என்று நிம்மதி அடைய வேண்டாம். குடல் எல்லாக் கோழிக்கும் உண்டு.

பிரியாணிக்குத் தம் போட்டால் கிருமி செத்துவிடும் என்பார்கள். நன்றாக வெந்தால் சாகும். ஆனால் தயிர்ப் பச்சடிக்குப் போடும் வெங்காயம் வேகாதே! கறி வெட்டிய கத்தியிலேயே அதையும் அரிந்தால், தம் போட்டு என்ன பயன்?

அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காததாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. கிருமி மருந்துக்குப் பழகுவது பண்ணையிலேயே தொடங்கலாம். பல்லடம் தொடங்கி திண்டுக்கல் சமவெளி வரை கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த முறையில் வளர்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையவை. ஆறு வாரத்துக்குள் கோழி வண்டி ஏறிவிடும். தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது வளர்ப்புக் கூலி வாங்குபவருக்கே பல நேரம் தெரியாது.

வேறு எந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவர்கள் கையிலெடுக்கும் கொலிஸ்டினை, கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. நல்ல முடிவு, தாமதமான முடிவு. கோழி கொழுக்க ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே நிறுத்திவிட்டது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

இறைச்சியில் எவ்வளவு ஆன்டிபயாடிக் எச்சம் இருக்கலாம் என்ற விதிகளும் 2025 ஏப்ரல் முதல் கடுமையாகியுள்ளன. ஆனால், எச்சத்தை அளப்பது பாதி வேலைதான். அறுப்புக்குச் சில நாள் முன்பு மருந்தை நிறுத்திவிட்டால் எச்சம் வடிந்துவிடும். அந்த மருந்துக்குப் பழகிய கிருமி கோழியோடு கடைக்கு வந்து சேரும். சோதனையில் தேறிய கோழி வீட்டுக்குக் கொண்டுவருவது அதைத்தான்.

ஆகவே, திண்டுக்கல் மாநகராட்சியும் உணவுப் பாதுகாப்புத் துறையும் மாதந்தோறும் கோழிக் கடைகளில் மாதிரி எடுத்து, அரசு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையிலேயே கிருமியையும் அது எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முடிவைக் கோப்பில் பூட்டாமல் வெளியிட வேண்டும். என்ன மருந்து, எந்தத் தேதி வரை கொடுத்தார்கள் என்ற சீட்டு இல்லாமல் எந்தப் பண்ணையிலிருந்தும் கோழி வண்டி கிளம்பக் கூடாது. வெந்நீரை மாற்றச் சொல்லிக் கடைக்காரரைக் கண்டிக்கலாம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் சோதனைச் செலவை அவர் தலையில் கட்டாமல், மருந்தைக் கொடுத்து வளர்க்கச் சொன்ன கம்பெனிகளிடம் வசூலிப்பதே நியாயம்.