வெட்டின ஸ்பிரிங்கும் பொங்கல் பயணமும்

முன் டிஸ்கி: நான் பி.காம். கார் லோனுக்குக் கையெழுத்துப் போடுகிறவன், மெக்கானிக் இல்லை. தப்பு இருந்தா குட்டுங்க, வாங்கிக்கறேன்.

புனேயில் அக்கா வீடு. மருமகன் போன மாசம் ஸ்விஃப்ட்டோட நாலு ஸ்பிரிங்கையும் வெட்டி வண்டியை 4 செ.மீ. இறக்கிட்டு வந்தான். "மாமா, ரோட்டை எப்படி ஒட்டிக்கிட்டுப் போகுது பாருங்க!"

ஒட்டும்தான், அவன் ஒருத்தன் மட்டும் ஓட்டினா. பொங்கலுக்கு அதே வண்டியில் அஞ்சு பேரும் டிக்கி நிறைய மூட்டையுமா திருநெல்வேலி வரைக்கும் போகப் போறாங்களே, என் சண்டை அங்கதான்.

கணக்குப் போடுவோம், அதானே நம்ம பொழப்பு. வண்டியோட ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்தில்னு வெச்சுக்குவோம். 4 செ.மீ. இறக்கினா, வளைவில் வெளிச்சக்கரத்துக்கு மாறுற பாரம் சுமார் 7 சதவீதம் குறையும். வரவு அவ்வளவுதான்.

செலவைப் பாருங்க. பின்சக்கரம் மேலே ஏற காலி வண்டியில் 9 செ.மீ. இடம்னு வெச்சுக்குங்க. வெட்டினதில் 4 போச்சு. ஆளும் மூட்டையும் ஏறினதும் இன்னொரு 4. மிச்சம் 1. சாத்தாரா போற வழியில் கம்பாட்கி மலைப்பாதை வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கப் பின்சக்கரம் ரப்பர் கட்டையில் போய் முட்டும். அந்த நொடியிலிருந்து அங்க ஸ்பிரிங்கே இல்லை. பின்பக்கப் பாரமெல்லாம் திடீர்னு அந்த ஒரு டயர்மேல விழும், டயர் வழுக்கும், வண்டியோட வால் வெளியே வீசும். பக்கத்து லேன்ல லாரி.

"பின்னாடி டார்ஷன் பீம் சார், அலைன்மென்ட் மாறவே மாறாது"ன்னு கராஜ்காரர் சொன்னாராம். பாதி நிஜம். நிக்கும்போது கேம்பரும் டோவும் பெரிசா மாறாது. ஆனா வண்டி சாயும்போது பீம் லேசாத் திரும்பி பின்சக்கரங்களும் கொஞ்சம் திசை மாறும். எவ்வளவு மாறணும்ங்கறதை முடிவு பண்றது பீமைப் பாடியோட சேர்க்கிற கையோட சாய்வு. வண்டியை இறக்கினா அந்தச் சாய்வே மாறிடுது. (பழைய ஹோண்டா சிவிக் மாதிரி பின்சக்கரம் தனித்தனியா இயங்கற வண்டின்னா இன்னும் மோசம். சக்கரத்தோட தலை உள்ளே சாய்ஞ்சு டயரோட உள்விளிம்பு தேயும், வெளியே நின்னு பார்த்தா தெரியாது.)

ரேஸ்காரங்க இறக்கலையான்னு கேப்பான். அவங்க இறுக்கமான ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக் அப்சார்பர்னு மாத்தித்தான் இறக்கறாங்க. அவங்க வண்டியில் பாட்டியும் பாத்திர மூட்டையும் ஏறறதில்லை. வெட்டின ஸ்பிரிங்கோ, பள்ளத்தில் சக்கரம் தொங்கினா தன் இருக்கையை விட்டே நழுவலாம்.

சட்டம் வேற இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனியோட அசல் அமைப்பை மாத்தக்கூடாதுன்னு 2019-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரர் முதல்ல குனிஞ்சு பார்க்கப்போறது அந்த ஸ்பிரிங்கைத்தான்.

கம்பெனி ஸ்பிரிங் நாலுக்கும் நான் காசு தரேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன். மாத்தலைன்னா எனக்கு ரயில் டிக்கெட். மருமகன் ரெண்டு நாளா போனை எடுக்கலை.