அந்த ஆறு நிமிடம் எங்கே போனது?

2018-ம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கம். ஐரோப்பாவில் பல வீடுகளில் ஒரு குழப்பம். சமையலறை ஓவனில் ஒளிரும் கடிகாரம் 7.54 என்கிறது. கையிலிருக்கும் செல்போனோ 8 மணி என்கிறது. ஓவனை நம்பி நிதானமாகக் கிளம்பினால் ரயில் போயிருக்கும்.

ஒரு வீட்டில் மட்டும் என்றால், கடிகாரம் பழுது என்று விட்டுவிடலாம். ஸ்பெயின் முதல் துருக்கி வரை 25 நாடுகளில், சொல்லிவைத்த மாதிரி ஏறக்குறைய அதே ஆறு நிமிடம் பின்தங்கினால்?

விடை தெரிய வேண்டுமானால், டிஜிட்டல் கடிகாரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

உள்ளே பல்சக்கரம் கிடையாது, முள் கிடையாது. அந்தக் கடிகாரத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான்: எண்ணுவது. சீரான துடிப்பு ஒன்று எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்க வேண்டும். இத்தனை துடிப்பு சேர்ந்தால் ஒரு விநாடி, 60 விநாடி சேர்ந்தால் ஒரு நிமிடம், 60 நிமிடம் சேர்ந்தால் ஒரு மணி என்று அது கணக்கு வைத்துக்கொண்டே போகும்.

அந்தக் கணக்கை நமக்குக் காட்டுவது ஏழு சின்னக் கோடுகள். ஏழும் எரிந்தால் 8. நடுக்கோடு மட்டும் அணைந்தால் 0. வலப்பக்கத்து இரண்டு கோடுகள் மட்டும் எரிந்தால் 1. பல கடிகாரங்களில் நான்கு இலக்கங்களும் ஒரே நேரத்தில் எரிவதுகூட இல்லை. ஒன்று மாற்றி ஒன்று மிக வேகமாக எரிந்து அணைகின்றன. நம் கண்ணுக்குத்தான் எல்லாம் சேர்ந்து எரிவதாகத் தெரிகிறது.

சரி, துடிப்பு எங்கிருந்து வருகிறது?

கைக்கடிகாரத்திலும் பேட்டரியில் ஓடும் மேசைக் கடிகாரத்திலும் குவார்ட்ஸ் என்ற படிகத்தின் சிறு துண்டு ஒன்று இருக்கும். மின்சாரம் பட்டால் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். அதென்ன அப்படியொரு எண்? அதைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, இப்படி 15 முறை செய்தால் மிஞ்சுவது சரியாக 1. மின்சுற்றுக்கு மிக எளிதான வேலை, இப்படி இரண்டால் வகுப்பதுதான். படிகக் கடிகாரம் மாதத்தில் சில விநாடிகள் முன்பின் ஆகலாம். அதற்கு மேல் பெரிதாகத் தவறாது.

பிளக்கில் செருகியே இருக்கும் ஓவன், ரேடியோ கடிகாரம் போன்றவற்றில் பலவற்றுக்குப் படிகம் தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைபோல் ஏறி இறங்குகிறது. 50 அலை வந்தால் ஒரு விநாடி. செலவில்லாத துடிப்பு! மின்நிலையங்கள் அந்த 50-ஐக் காப்பாற்றும் வரை இந்தக் கடிகாரங்களும் சரியாக ஓடும்.

2018-ல் அங்கேதான் இடறியது. அந்த 25 நாடுகளும் ஒரே மின்தொகுப்பில் இணைந்தவை. கொசோவோவில் உற்பத்தியாவதைவிட அதிக மின்சாரம் செலவானது. அந்தக் குறையை ஈடுகட்டுவது யார் என்பதில் செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் தகராறு. ஏற்றம் வந்தால் சைக்கிள் மிதிக்கிறவரின் வேகம் குறைகிற மாதிரி, தேவை கூடி உற்பத்தி குறைந்தால் மின்நிலைய ஜெனரேட்டர்களின் சுழற்சி துளி தளரும். ஜனவரி நடுவிலிருந்து சராசரியாக 50-க்குப் பதில் 49.996 அலைகளே வந்தன.

இவ்வளவு சின்ன வித்தியாசமா என்று தோன்றும். கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 விநாடி. யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏழு வாரம் போனால் ஆறு நிமிடத்தைத் தொடும். செல்போன் நேரத்தை நெட்வொர்க்கிடம் கேட்டுச் சரிசெய்துகொள்வதால் தப்பித்தது. ஓவனுக்குக் கேட்க ஆளில்லை. வந்த அலைகளை ஒன்றுவிடாமல் எண்ணியது, ஆனாலும் தவறான நேரத்தைக் காட்டியது.

தீர்வும் விநோதமானது. மின்தொகுப்பை நிர்வகித்தவர்கள் அலையின் வேகத்தை 50-க்குச் சற்று மேலே வைத்தார்கள். பின்தங்கிய கடிகாரங்கள் யாரும் தொடாமலே ஓடி ஓடி, ஏப்ரல் தொடக்கத்தில் சரியான நேரத்தைப் பிடித்துவிட்டன.

பாவம், பொறுமையில்லாமல் மார்ச்சிலேயே ஓவனைத் திருத்தி வைத்தவர்கள்தான். அவர்கள் வீட்டுக் கடிகாரம் இப்போது ஆறு நிமிடம் முந்திக்கொண்டு நின்றது. ரயிலைத் தவறவிடும் பயம் மட்டும் அவர்களுக்கு இல்லை!