அம்மாவுக்கு ரெண்டு கோல்

ஊரிலிருந்து வரும் அம்மாவை ஃப்ளாட்டுக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறோம். "விழுந்துடுவே, வெளியே போகாதேம்மா!" பாசம்தான். ஆனால் உட்கார்ந்தே இருந்தால் கால் தசை வலுவிழந்து, விழும் ஆபத்துதான் கூடும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் பலவீனமாகிவிடுகிறது.

இரண்டு கோல் ஊன்றி வேகமாக நடப்பது, பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்களின் கோடைக்காலப் பயிற்சியாகத் தொடங்கியது. இன்று அங்கே வயதான பெண்களும் அப்படி நடக்கிறார்கள்.

கைத்தடி என்றால் நம் அம்மாக்களுக்குக் கௌரவக் குறைச்சல். ரெண்டு கோல் என்றால் அது எக்சர்சைஸ்! 65 வயதுக்கு மேல் வாரம் 3 நாளாவது தடுமாறாமல் நிற்க, நடக்கப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-ல் சொல்லியிருக்கிறது.

டாக்டரைக் கேட்டுவிட்டு, ஸ்போர்ட்ஸ் கடையில் ஒரு ஜோடி ட்ரெக்கிங் கோல் வாங்குங்க. முதல் வாரம் நீங்களும் கூடவே நடங்க. அவங்களுக்கு அதுதான் பெருசு.